தூக்குப்படுக்கையின் அகலம்

நோயுற்றோரைத் தூக்கிச் செல்லும் பணி மருத்துவத்தைவிடப் பழமையானது. மூலிகையின் குணம் அறியாத காலத்திலும், விழுந்தவனைத் தோளிற் சுமந்து வீடு சேர்த்த மனிதர் இருந்தனர். ஆனால், அப்பணிக்கெனத் தனி ஊர்தியும், தனிக் கருவிகளும், பயிற்சி பெற்ற ஆட்களும் அமைந்து இன்னும் இரண்டரை நூற்றாண்டு நிறையவில்லை. இக்குறுகிய காலத்தில் அது கண்ட முன்னேற்றம் மிகப் பெரிது. எனினும், ஓரிடத்தில் மட்டும் அது நெடுங்காலம் தடுமாறி நின்றது. மிகப் பருத்த உடலினர் ஒருவருக்கு ஆபத்து நேரும்போது, அவரை வீட்டிலிருந்து வைத்தியசாலைக்கு எவ்வாறு கொண்டு செல்வது என்பதே அவ்விடமாகும்.

இது நகைப்புக்குரிய பொருளன்று. மாரடைப்போ மூச்சுத்திணறலோ வந்த ஒருவருக்கு ஒவ்வொரு நிமிடமும் உயிரின் விலை பெறும். அவரைத் தூக்குவதற்கு ஆள் போதவில்லை, படுக்கை தாங்கவில்லை, வாசல் இடங்கொடுக்கவில்லை என்று கழியும் நேரம் அவருடைய ஆயுளிலிருந்தே கழிகின்றது. ஆகவே, இத்தடுமாற்றம் எவ்வாறு உண்டாயிற்று, எவ்வாறு நீங்கத் தொடங்கிற்று என்று ஆராய்வது பயனுடையதாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்கலாம். எசெக்ஸ் மாகாணத்து மால்டன் என்னும் ஊரில் எட்வேட் பிறைற் என்றொரு பலசரக்கு வணிகர் இருந்தார். 600 இறாத்தலுக்கு மேற்பட்ட நிறையினர். 1750ஆம் ஆண்டு நவெம்பர் மாதத்தில், 29 வயதிலேயே அவர் காலமானார். அவருடைய உடலை வெளியே கொண்டுவருதற்காக வீட்டின் சுவரையும் படிக்கட்டையும் வெட்டி வழி செய்ய வேண்டியிருந்தது. வண்டியில் ஏற்றித் தேவாலயத்துக்கு இழுத்துச் சென்று, உருளைகளும் கப்பிகளும் கொண்டு நிலவறையில் இறக்கினர்.

அவருக்குப் பின் வந்தவர் லெஸ்ரர் நகரத்துச் சிறைக் காவலரான டானியல் லாம்பேட். 1770ஆம் ஆண்டிற் பிறந்த இவர் இளமையில் வேட்டையிலும் நீச்சலிலும் விருப்பமுள்ளவர், மதுவைத் தொடாதவர், மற்றவர்களிலும் மிகுதியாக உண்டவரல்லர் என்று அவர் காலத்தவர் எழுதி வைத்துள்ளனர். எனினும் ஆண்டுதோறும் உடல் பெருத்துக்கொண்டே சென்றது. 1805ஆம் ஆண்டிற் சிறைச்சாலை மூடப்பட்டதும் தொழிலை இழந்தார். வறுமை நெருக்கவே, மறுவருடம் தமக்கெனத் தனியாக அமைத்த வண்டியொன்றில் இலண்டன் சென்று, ஒரு ஷில்லிங் கட்டணத்துக்குத் தம்மைப் பிறர் காண இசைந்தார். 1809ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஸ்ராம்போட் என்னும் ஊருக்கு வந்த அவர், படியேற இயலாமையால் ஒரு விடுதியின் கீழ்த்தளத்தில் அறையெடுத்துத் தங்கினார். அங்கேயே 21ஆந் திகதி காலையிற் சடுதியாக உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 39. சில நாள்களுக்கு முன்னர் நிறுத்தபோது அவருடைய நிறை 739 இறாத்தலாக, அதாவது ஏறக்குறைய 335 கிலோகிராமாக இருந்தது.

அவருக்குச் செய்த சவப்பெட்டி 6 அடி 4 அங்குல நீளமும், 4 அடி 4 அங்குல அகலமும், 2 அடி 4 அங்குல ஆழமும் கொண்டது. 112 சதுர அடி எல்ம் மரப்பலகை அதற்குச் செலவாயிற்று. தோளிற் சுமக்க முடியாத பெட்டியாதலால், அதன் கீழ் இரண்டு அச்சுகளும் நான்கு சில்லுகளும் பொருத்தினர். அறையின் யன்னலையும் சுவரையும் இடித்தே அதனை வெளியேற்றினர். புதைகுழிக்கு நேரே இறக்குதல் இயலாதென்று கண்டு, சரிவான பாதையொன்றை வெட்டினர். அச்சரிவினூடே பெட்டியைக் குழிக்குள் இழுத்துச் சேர்ப்பதற்கு இருபது ஆட்களுக்கு அரைமணி நேரமளவு பிடித்தது.

இங்கே ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. சில்லு, அச்சு, கப்பி, சரிவுப் பாதை, சுவரை இடித்தல் ஆகிய அனைத்தும் அக்காலத் தச்சருக்கும் கொத்தருக்கும் தெரிந்தவையே. பெரும் பாரத்தை நகர்த்தும் அறிவு இல்லாதிருக்கவில்லை. ஆனால், அவ்வறிவு முழுவதும் பிணத்துக்கே பயன்பட்டது. உயிரோடு இருப்பவரை இவ்வாறு எடுத்துச் சென்று காப்பாற்றலாம் என்ற எண்ணம் இன்னும் பிறக்கவில்லை. பொதுமக்களுக்கென நோயாளர் ஊர்தியே அக்காலத்தில் இருக்கவில்லை.

அந்த எண்ணம் பிறந்த இடம் போர்க்களம். 1792ஆம் ஆண்டிற் பிரெஞ்சுப் படையில் றைன் நதிக்கரையிற் பணியாற்றிய டொமினிக் லாறே என்னும் இளஞ் சத்திரவைத்தியர், காயமடைந்தோர் போர் முடியும்வரை களத்திலேயே கிடந்து மடிவதைக் கண்டார். மருத்துவ வண்டிகள் போர்க்களத்துக்கு மிகத் தொலைவிலே நிறுத்தப்பட வேண்டும் என்பது அக்காலத்து விதி. குதிரைகள் பூட்டிய இலேசான பீரங்கிகள் களமெங்கும் விரைந்து திரிவதை நோக்கிய அவர், அவ்வாறே விரைந்தோடும் நோயாளர் வண்டிகளை அமைத்தார். ‘பறக்கும் அம்புலன்ஸ்’ என அவை பெயர் பெற்றன. சிறிய வண்டியில் இருவரும் பெரிய வண்டியில் நால்வரும் படுத்துச் செல்லலாம். பதவியை நோக்காது காயத்தின் கடுமையை நோக்கியே சிகிச்சை செய்ய வேண்டும் என்ற அறத்தையும் அவரே நிலைநாட்டினார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862ஆம் ஆண்டில், யோனதன் லெற்றமன் என்னும் படை வைத்தியர் இம்முறையை மேலும் ஒழுங்கு செய்தார். அப்போரிற் பணியாற்றித் திரும்பிய எட்வேட் டால்ரன் என்னும் வைத்தியர், 1869ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் பெல்வியூ வைத்தியசாலையிற் பொதுமக்களுக்கான அம்புலன்ஸ் சேவையைத் தொடக்கினார். இங்கிலாந்தில் 1877ஆம் ஆண்டிற் சென்ற் யோன் அம்புலன்ஸ் சங்கம் தோன்றிற்று. 1899ஆம் ஆண்டிற் சிக்காகோ நகரில் மோட்டார் அம்புலன்ஸ் ஓடிற்று. போர்க்களத்தின் கொடை இவ்வாறு நகர வீதிக்கு வந்து சேர்ந்தது.

கொடையோடு ஒரு குறையும் வந்து சேர்ந்தது. போர்வீரன் இளைஞன், வைத்தியர் சோதித்துத் தெரிந்தெடுத்தவன், மெலிந்தவன் அல்லது நடுத்தர உடலினன். அவனுடைய உடலே தூக்குப்படுக்கைக்கு, அதாவது ஸ்ரெச்சருக்கு, அளவுகோலாயிற்று. இரண்டு கழிகளுக்கு இடையே துணியை இழுத்துக் கட்டி, முன்னும் பின்னும் ஆட்கள் நின்று தூக்குவதற்கு ஏற்றவாறு அது அமைந்தது. மேனாட்டு நேசப் படைகள் இருபதாம் நூற்றாண்டிற் பொதுவாக ஏற்றுக்கொண்ட தூக்குப்படுக்கையின் அகலம் ஏறக்குறைய 58 சென்ரிமீற்றர். லாம்பேட்டின் சவப்பெட்டி அதனைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட அகலமுடையது என்பதை ஒப்பிட்டு நோக்கலாம். படுக்கையின் அளவை ஒட்டி ஊர்தியின் உட்புறமும், ஊர்தியை ஒட்டி வைத்தியசாலையின் வாசலும், வாசலை ஒட்டிக் கட்டிலும் அமைந்தன. ஒரு போர்வீரனின் தோளகலம் இவ்வாறு ஒரு முழு அமைப்பின் அளவாக மாறிற்று. அவ்வளவுக்கு அடங்காதவர் அந்த அமைப்புக்கு வெளியே நின்றார்.

இதன் கொடுமையை 1958ஆம் ஆண்டு உலகம் கண்டது. அமெரிக்காவில் இலினோய் மாநிலத்திலே வளர்ந்த றொபேட் ஏள் ஹியூஸ் என்பவர் ஏறக்குறைய 485 கிலோகிராம் நிறையுடையவர். அவரும் லாம்பேட்டைப் போலவே காட்சிப் பொருளாகிப் பிழைத்தவர். களியாட்டக் கூட்டத்தோடு ஊரூராகச் சென்றவர். அவ்வாண்டு யூலை மாதத்தில் இந்தியானா மாநிலத்தில் இருந்தபோது அவருக்குச் சின்னமுத்து நோய் கண்டது. அவர் வாழ்ந்த இழுவை வண்டியோடு அவரை வைத்தியசாலை வாசலுக்குக் கொண்டு வந்தனர். உள்ளே கொண்டு செல்ல இயலவில்லை. வெளியே நின்ற வண்டியிலேயே வைத்தியர்கள் சிகிச்சையளித்தனர். சிறுநீரகங்கள் செயலிழந்து, யூலை 10ஆந் திகதி, 32 வயதில் அவர் உயிர் துறந்தார். அவருடைய சவப்பெட்டியைப் பாரந்தூக்கி கொண்டே குழியில் இறக்கினர்.

லாம்பேட் காலமாகி ஒன்றரை நூற்றாண்டு கழிந்திருந்தது. பெனிசிலின் வந்துவிட்டது, எக்ஸ்கதிர் வந்துவிட்டது. ஆயினும் இறந்தவரைத் தூக்குவதற்கு வந்து சேர்ந்த பாரந்தூக்கிக்கு ஈடான ஒன்று, உயிரோடு இருந்தவரை உள்ளே கொண்டு செல்வதற்கு வரவில்லை. அக்காலத்து அமெரிக்காவில் ஈமச்சடங்கு நடத்தும் நிலையங்களே பல ஊர்களில் அம்புலன்ஸ் சேவையையும் நடத்தின. நாட்டின் அம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறைய அரைவாசி அவர்கள் கையிலேயே இருந்ததென்று 1966ஆம் ஆண்டில் வெளிவந்த தேசிய விஞ்ஞானக் கழக அறிக்கை சுட்டிக்காட்டிற்று. அவ்வறிக்கைக்குப் பின்னரே அந்நாட்டில் அவசர மருத்துவப் பணி தனித்துறையாக வளரத் தொடங்கிற்று.

இதற்கிடையே, பருத்த உடல் பற்றிய மருத்துவ அறிவும் மாறிக்கொண்டிருந்தது. சாள்ஸ் டிக்கன்ஸ் 1836ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய பிக்விக் நாவலில் யோ என்றொரு பருத்த சிறுவன் வருவான். நின்ற நிலையிலேயே உறங்கிவிடும் அவனைக் கண்டு வாசகர் சிரித்தனர். 120 ஆண்டுகள் கழிந்த பின், 1956ஆம் ஆண்டில், பர்வெல் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவருடைய துணைவரும் ஒரு நோயை விளக்கி, அதற்குப் பிக்விக்கின் பெயரையே சூட்டினர். மிகுந்த பருமனால் நெஞ்சு போதிய அளவு விரியாமல், மூச்சுக் குறைந்து, குருதியிற் கரியமில வாயு தேங்கி, பகலிலும் உறக்கம் கவியும் நோய் அது. சிரிப்புக்குரிய சோம்பல் என்று கருதப்பட்டது, மூச்சுத் தட்டுப்பாட்டின் அடையாளமென வெளியாயிற்று.

இவ்வுண்மை நோயாளரைக் காவிச் செல்வோருக்குப் பெரும் பாடமாகும். தூக்குப்படுக்கை என்றாலே நோயாளரை மல்லாக்காகக் கிடத்துவது வழக்கம். மிகப் பருத்த ஒருவரை அவ்வாறு கிடத்தினால், வயிற்றின் பாரம் பிரிமென்தகட்டை மேல்நோக்கித் தள்ளும், நுரையீரல் சுருங்கும், முன்னரே திணறிய மூச்சு முற்றாக நின்றுவிடவுங் கூடும். ஆகவே, தலையையும் தோளையும் நன்கு உயர்த்தி, காது மார்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேராக நிற்கும் வண்ணம் இருத்துதல் இன்று விதியாகியுள்ளது. குருதியமுக்கத்தை அளக்கும் பட்டியும் கவனத்துக்குரியது. 1896ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் றீவா றொச்சி அமைத்த பட்டி ஒடுக்கமானது. பருத்த கையில் அது அமுக்கத்தை மிகைப்படுத்திக் காட்டும் என்பதை 1901ஆம் ஆண்டில் றெக்லிங்ஹோசன் எடுத்துக்காட்டி, அகன்ற பட்டியை வேண்டினார். ஊர்தியிற் பெரிய பட்டி இல்லாவிட்டால், இல்லாத நோயைக் கருவி காட்டும். இருக்கும் வீழ்ச்சியை மறைக்கும். நாளம் கொழுப்பினுள் மறைந்திருப்பதால் ஊசியேற்றுவது அரிது. நிறை தெரியாவிடின் மருந்தின் அளவும் ஊகமாகிவிடும்.

தூக்குவோரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிறர் உயிரைக் காக்கச் சென்றவர் தம் நாரியையும் முள்ளந்தண்டையும் இழந்து வீட்டிலிருக்கும் நிலை இத்தொழிலில் மிகச் சாதாரணம். மிகச் சாதகமான நிலையிலும் ஒரு தொழிலாளி தூக்கத்தக்க எல்லை 23 கிலோகிராம் என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991ஆம் ஆண்டில் வகுத்தது. நோயாளரோ பெட்டியைப் போல் அசையாது இருப்பவரல்லர். வேதனையில் துடிப்பார், சடுதியிற் சரிவார். ஆதலால் நோயாளரைத் தூக்குங்கால் ஒருவர் மேல் விழத்தக்க பாரம் 16 கிலோகிராம் அளவே என்று 2007ஆம் ஆண்டிற் கணிக்கப்பட்டது. இந்த அளவின்படி 200 கிலோகிராம் நிறையுள்ள ஒருவரைத் தூக்கப் பதின்மூன்று பேர் வேண்டும். ஆனால், ஒரு தூக்குப்படுக்கையைச் சுற்றிப் பதின்மூன்று பேர் நிற்க இடமேது? ஒடுங்கிய படிக்கட்டில் நால்வர் நிற்பதே அரிது. ஆட்களைக் கூட்டுவதனால் இச்சிக்கல் தீராது என்பதை இச்சிறு கணக்கே காட்டிவிடுகின்றது.

1978ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்றாகும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு எதிரேயுள்ள தீவொன்றில் வாழ்ந்த யோன் மினோக் என்பவர் இதயமும் சுவாசமும் தளர்ந்து நகர வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். பன்னிரண்டுக்கு மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள், அவசரத்திற் செய்துகொண்ட படுக்கையொன்றில் அவரைக் கொண்டு வந்தனர். இரண்டு கட்டில்களை ஒன்றாகப் பிணைத்து அவரைக் கிடத்தினர். ஒரு பக்கமிருந்து மறுபக்கம் திருப்புவதற்குப் பதின்மூன்று பேர் வேண்டியிருந்தது. அவருடைய நிறை 635 கிலோகிராம் இருக்கலாமென்று வைத்தியர் மதித்தார், நிறுப்பதற்கு வழியில்லை. அந்நிறையிற் பெரும்பகுதி உடலிலே தேங்கிய நீராகும்.

இந்நிகழ்ச்சி 1958ஆம் ஆண்டு நிகழ்ச்சியினின்றும் ஒரு வகையில் வேறுபட்டது. மினோக் வாசலில் நிறுத்தப்படவில்லை, உள்ளே கொண்டுசெல்லப்பட்டார். ஏறக்குறைய 16 மாத உணவுக் கட்டுப்பாட்டின் பின்னர், 216 கிலோகிராம் நிறையினராக வீடு திரும்பினார். மீண்டும் பருத்து 1983ஆம் ஆண்டில் அவர் காலமானது உண்மையே. ஆயினும், அவருக்குக் கிடைத்த அந்த ஐந்தாண்டு ஆயுள், பன்னிரண்டு பேர் கைகொடுத்ததாலும், இரண்டு கட்டில்களைப் பிணைக்கலாம் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியதாலும் கிடைத்தது. பருத்த உடலினர் காப்பாற்ற முடியாதவர் என்ற பழைய எண்ணம் அங்கே உடைந்தது. மற்றுமோர் உண்மையும் வெளிப்பட்டது: ஒரு மனிதனின் உயிர், அவ்வேளையில் ஒருவருக்குத் தோன்றும் உபாயத்தை நம்பி இருத்தலாகாது.

2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் அந்த உபாயங்கள் முறையான கருவிகளாக மாறின. அகன்ற படுக்கையும், சரிவுப் பலகையும், படுக்கையை உள்ளிழுக்கும் பொறியும் கொண்ட தனி அம்புலன்ஸ் வண்டிகள் மேனாடுகளில் ஓடத் தொடங்கின. பழைய படுக்கைகள் பல 200 கிலோகிராம் அளவிலேயே தயங்க, புதியன சில தாழ்ந்த நிலையில் 700 கிலோகிராமுக்கு மேல் தாங்குவன. மின்கலத்தின் உதவியால் தானே உயர்ந்து தாழும் படுக்கைகளும் வந்தன. தரையில் விழுந்தவரின் கீழே மடித்து வைத்து, காற்றை ஊதி, அவரை மெல்ல மெல்ல இருக்கை உயரத்துக்கு எழுப்பும் மெத்தைகளும் வழக்கிலுள்ளன. இருபது பேரின் தோள் செய்த வேலையை இன்று காற்று செய்கின்றது. சரிவுப் பலகையையும் இழுபொறியையும் காணும்போது, லாம்பேட்டின் புதைகுழிக்கு வெட்டிய சரிவுப் பாதையும் மால்டன் தேவாலயத்துக் கப்பியும் நினைவுக்கு வராமற் போகா. தத்துவம் ஒன்றே, அது சேவிக்கும் மனிதர் மட்டும் மாறியுள்ளார்.

2012ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டில் இளம்பெண் ஒருவர் கடும் நோயுற்றபோது, மேல்மாடியிலிருந்து அவரை இறக்குவதற்காக வீட்டுச் சுவரை இடித்தனர். ஸ்ராம்போட் விடுதியில் 1809ஆம் ஆண்டில் இடித்ததும் சுவரே. இங்கே இடித்ததும் சுவரே. அங்கே சென்றது சவப்பெட்டி. இங்கே சென்றவர் உயிரோடு வைத்தியசாலை சேர்ந்து பிழைத்தார். இரண்டு நூற்றாண்டு வரலாற்றின் பொருள் முழுவதும் இவ்விரண்டு சுவர்களுக்கு இடையே அடங்கிக் கிடக்கின்றது எனலாம்.

கருவி வந்ததனால் மட்டும் கடமை முடிந்துவிடாது. அகன்ற வண்டி தொலைவிலிருந்து வருவதற்குள் நேரம் கடந்துவிடும். ஆகவே, அழைப்பு வரும்போதே நோயாளரின் நிறை, அவர் இருக்கும் தளம், வாசலின் அகலம் ஆகியவற்றைக் கேட்டறிதலும், சேரவேண்டிய வைத்தியசாலைக்கு முன்னறிவித்தலும் நல்ல சேவைகளின் வழக்கமாகியுள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக நாவடக்கம் வேண்டும். பருத்த உடலினர் பலர், பிறர் நகைப்பார் என்ற நாணத்தால் உதவிக்கு அழைக்கவே தாமதிக்கின்றனர். தூக்க வந்தவர் ஒருவரின் ஏளனப் பார்வையும், அண்டை வீட்டார் கூடி வேடிக்கை பார்ப்பதும் அந்த நாணத்தை மேலும் வளர்க்கும். திரை பிடித்தலும், நிறையை உரக்கச் சொல்லாதிருத்தலும், செய்யப்போவதை நோயாளருக்கு முன்கூட்டியே சொல்லுதலும் மருந்துக்கு ஈடான உதவிகளாகும். லாம்பேட்டும் ஹியூஸும் தம் பருமனைப் பிறர் காணக் காட்டியே வயிறு வளர்க்க நேர்ந்தது. அவ்விழிவு நோய்ப்படுக்கையிலும் ஒருவரைத் தொடர்தல் தகாது.

இது அரிதான சிலரைப் பற்றிய செய்தி என்று தள்ளிவிடவும் இயலாது. 2022ஆம் ஆண்டில் உலகில் 89 கோடி வளர்ந்தோர் உடற்பருமன் நோயுடன் வாழ்ந்தனர் என்றும், 1990ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்தோரிடையே அந்நோய் இரண்டு மடங்குக்கு மேற் பெருகியுள்ளது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் மிகப் பருத்தோர் ஒரு சிறு பகுதியினரே. ஆயினும், போர்வீரனின் தோளுக்கு அளந்த 58 சென்ரிமீற்றர் துணி எல்லா மனிதருக்கும் போதும் என்ற காலம் கழிந்துவிட்டது.

பதவியை நோக்காது காயத்தை நோக்குக என்றார் லாறே. உடலின் அளவையும் நோக்காது உயிரை நோக்குக என்பது அவர் வகுத்த அறத்தின் இயல்பான வளர்ச்சியேயாகும். படுக்கைக்கு மனிதனை அளப்பதை விடுத்து, மனிதனுக்குப் படுக்கையை அளக்கத் தொடங்கிய அன்றே அந்த அறம் நிறைவை நோக்கி அடியெடுத்து வைத்தது.